நூறு வோல்ட் சிந்தசைசரும் சித்தியவான் மின்சாரமும்

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சிந்தசைசரின் பின்தகட்டில் "100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருக்கும். மலேசியாவின் சித்தியவானில் ஒரு வீட்டின் சுவரிலிருந்து வருவதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கருவி எதிர்பார்ப்பதைப் போல இரண்டேகால் மடங்குக்கும் சற்று மேல். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன. எந்தக் கருவிக்கு எந்த வழி என்பதை அதன் மின்வழங்கிப் பகுதியின் அமைப்புதான் தீர்மானிக்கிறது.

மலேசியாவில் முன்பு 240 வோல்ட்டாக இருந்த பெயரளவு மின்னழுத்தம் 2008 முதல் 230 வோல்ட் ஆனது. அதற்கு மேல் 10 சதவீதமும் கீழ் 6 சதவீதமும் மாறலாம் என்பது அனுமதி. அதாவது வீட்டில் 216 முதல் 253 வோல்ட் வரை எது வந்தாலும் அது முறையான மின்சாரமே. சித்தியவான் அடங்கிய மஞ்சோங் மாவட்டத்தின் கடற்கரையில்தான் சுல்தான் அஸ்லான் ஷா நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. ஆனால் மின்நிலையம் பக்கத்தில் இருப்பதால் வீட்டு வோல்ட் உயர்ந்துவிடாது. அங்கே உண்டாகும் மின்சாரம் மிக உயர்ந்த அழுத்தத்தில் நாட்டின் மின்வலைக்குள் போய், பல துணைநிலையங்களில் படிப்படியாகக் குறைந்துதான் வீதிக்கு வருகிறது. வீட்டில் கிடைக்கும் எண்ணை முடிவு செய்வது அந்த வட்டாரத்துத் துணைநிலையத்திலிருந்து வீட்டுக்குள்ள தூரமும், அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் எத்தனை பேர் ஏர்கோன் போட்டிருக்கிறார்கள் என்பதும்தான். மாற்றும் வேலையைத் தொடங்குமுன் ஒரு மல்டிமீட்டரை வைத்து, பகலில் ஒருமுறையும் பின்னிரவில் ஒருமுறையும் அளந்து பார்ப்பது நல்லது. பின்னிரவில் பயன்பாடு குறைவதால் எண் பெரும்பாலும் ஏறியிருக்கும். கணக்கு போட வேண்டியது அந்த உயர்ந்த எண்ணுக்குத்தான்.

ஜப்பானிலிருந்து மலேசியாவுக்கு வந்து சேரும் கருவிகள் பெரும்பாலும் பழையவை. யமஹாவின் டிஎக்ஸ்7 1983இல் வந்தது, ரோலண்டின் டி-50 1987இல், கோர்க்கின் எம்1 1988இல். எண்பதுகளின் பிற்பாதித் தமிழ்த் திரைப்பாடல்களில் கேட்கும் மணியோசை கலந்த மின்பியானோவும், காற்றில் பரவும் நீண்ட ஸ்வரங்களும் இந்தத் தலைமுறைக் கருவிகளின் ஓசைகள். கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழா மேடையிலும் அந்தப் பாடல்களை வாசிக்கும் இசைக்குழுக்களுக்கு அவற்றின் மீது இன்றும் ஆசை குறையவில்லை. ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட பொருட்கள் மலேசியாவுக்கு நிறைய வருகின்றன, அவற்றோடு கீபோர்டுகளும் வருகின்றன. உள்ளே ஓசையை உண்டாக்கும் மின்சுற்றுப் பலகைகள் உலகெங்கும் ஒன்றேதான். ஜப்பானுக்கு 100, அமெரிக்காவுக்கு 120, ஐரோப்பாவுக்கு 220, பிரிட்டனுக்கு 240 என்று தொழிற்சாலையில் மாறியது டிரான்ஸ்ஃபார்மரும் அதைச் சுற்றியிருக்கும் சில உதிரிகளும் மட்டுமே. மாற்றும் வேலை சிறிய பரப்புக்குள் முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம். உயிருக்கு ஆபத்தான அழுத்தம் இருப்பதும் அதே சிறிய பரப்பில்தான்.

அந்தப் பரப்பில் நடப்பது இது. சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரம் சுவிட்சையும் ஃபியூஸையும் கடந்து டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளுக்குப் போகிறது. துணைச் சுருள்களில் அது 9 வோல்ட், 17 வோல்ட் போன்ற சிறிய அளவுகளாக இறங்குகிறது. டையோடுகள் அதை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக்குகின்றன, பெரிய கெப்பாசிட்டர்கள் மேடுபள்ளத்தை நிரப்புகின்றன, கடைசியாக ரெகுலேட்டர்கள் அதை மாறாத அளவில் நிறுத்துகின்றன. பல பழைய சிந்தசைசர்களில் கணிப்பொறிச் சில்லுகளுக்கு 5 வோல்ட், ஓசைப் பகுதிக்கு கூட்டல் 15, கழித்தல் 15 வோல்ட். ரெகுலேட்டரைத் தாண்டியபின் கருவி ஒசாக்காவில் இருக்கிறதா சித்தியவானில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

100 வோல்ட் கருவியை நேரே 230 வோல்ட்டில் செருகினால் முதலில் அடிவாங்குவது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம். முதன்மைச் சுருளில் ஏறும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப இரும்பில் காந்தப்பாயம் ஏறுகிறது. இரும்புக்கு ஒரு எல்லை உண்டு. ஊறிய துணி மேற்கொண்டு தண்ணீரை வாங்காததுபோல, அந்த எல்லையைத் தாண்டியபின் இரும்பு மேலும் காந்தமாவதில்லை. காந்தப்பாயம் மாறும்போது உண்டாகும் எதிர்மின்னழுத்தம்தான் அதுவரை சுருளில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தது. அது போதாமல் போனதும் ஓட்டத்தைத் தடுக்க மிஞ்சுவது செம்புக் கம்பியின் சிறிய மின்தடை மட்டுமே. ஓட்டம் பல மடங்காகப் பாய்கிறது. நல்ல ஃபியூஸ் இருந்தால் அந்த நொடியே எரிந்து மற்றவற்றைக் காப்பாற்றிவிடும். ஃபியூஸின் இடத்தில் யாராவது செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் சுருளின் பூச்சு கருகி, வார்னிஷ் நாற்றத்தோடு புகை வரும். துணைப் பக்கத்திலும் அழுத்தம் இரு மடங்குக்கு மேல் எகிறும். 16 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டருக்கு 25 வோல்ட்டுக்கு மேல் போனால் அது வீங்கி வெடிக்கும். இப்படி மாட்டிக்கொண்ட கருவியை ஃபியூஸ் மாற்றி உடனே மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது. சுருள்களின் தொடர்ச்சியையும் கெப்பாசிட்டர்களையும் முதலில் சோதிக்க வேண்டும். பல கருவிகள் ஃபியூஸோடு தப்பித்திருக்கும், அதை நம்பி அவசரப்படுவதால்தான் மீதியும் போய்விடுகிறது.

வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது, ஹெர்ட்ஸும் கணக்கில் வரும். இரும்பில் ஏறும் காந்தப்பாயம் மின்னழுத்தத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு ஏற்ப அமைகிறது. ஜப்பானில் டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதி 50 ஹெர்ட்ஸ், ஒசாக்கா இருக்கும் மேற்குப் பகுதி 60 ஹெர்ட்ஸ். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மன் இயந்திரங்களையும் ஒசாக்கா அமெரிக்க இயந்திரங்களையும் வாங்கியதால் ஏற்பட்ட பிளவு இன்றுவரை நீடிக்கிறது. இந்தப் பிளவு சித்தியவானுக்கு நன்மையாகவே அமைந்தது. ஜப்பானியக் கருவி இரண்டிலும் ஓடியாக வேண்டும் என்பதால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸுக்கும் போதுமான இரும்போடு செய்யப்பட்டிருக்கும். அமெரிக்காவுக்கென்றே செய்த கருவிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 120 வோல்ட்டை 60ஆல் வகுத்தால் 2. அதே 120 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் 2.4, அதாவது இரும்பின் மீது 20 சதவீதம் அதிகச் சுமை. 105 வோல்ட் கொடுத்தால் 2.1, சுமை 5 சதவீதமே கூடுகிறது. ஆகவே அமெரிக்கக் கருவிக்கு 120 வோல்ட்டைத் துல்லியமாகத் தேடி அலைவதைவிட 105, 110 வோல்ட் கொடுப்பதே மேல்.

ஹெர்ட்ஸ் மாறினால் சுருதி மாறுமா என்ற கேள்வி இசைக்காரர்களிடம் எப்போதும் எழும். சிந்தசைசரில் மாறாது. டிஎக்ஸ்7 போன்ற டிஜிட்டல் கருவிகளில் சுருதி படிகத்தின் அதிர்விலிருந்து வருகிறது, அனலாக் கருவிகளில் ரெகுலேட்டருக்குப் பின்னிருக்கும் நேர்மின்சாரத்தைச் சார்ந்தது. இந்தப் பயம் வந்த இடம் வேறு. 1935இல் சந்தைக்கு வந்த ஹேமண்ட் ஆர்கனில், பற்கள் கொண்ட உலோகச் சக்கரங்கள் சுழன்று ஒவ்வொரு ஸ்வரத்தையும் உண்டாக்குகின்றன. அவற்றைச் சுழற்றும் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டப்பட்டது. 60 ஹெர்ட்ஸ் ஆர்கனை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 440இல் நிற்க வேண்டிய ஸ்வரம் 366.7க்கு இறங்கிவிடும். மூன்று அரைஸ்வரங்களுக்கும் சற்று அதிகமான வீழ்ச்சி அது. எந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மராலும் அதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வெண்ணைத் தொடுவதே இல்லை. அத்தகைய ஆர்கனுக்கு அதிர்வெண்ணையே மாற்றித் தரும் தனி இன்வெர்ட்டர் வேண்டும். திருவிழா மேடையில் டீசல் ஜெனரேட்டர் திணறி 48 ஹெர்ட்ஸுக்கு இறங்கினாலும் சிந்தசைசரின் சுருதி அசையாமல் இருப்பது, அது மின்சாரத்தின் அதிர்வெண்ணைச் சாராததால்தான்.

இனி வழிகள். முதலில் கருவியின் பின்தகட்டை முழுமையாகப் படிக்க வேண்டும். "100–240 வோல்ட்" என்று இருந்தால் உள்ளே எல்லா அழுத்தத்தையும் ஏற்கும் ஸ்விட்ச்மோட் மின்வழங்கி இருக்கிறது. மூன்று முள் பிளக் கொண்ட சரியான கேபிள் ஒன்றே அதற்குத் தேவை. இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. கணினிக்குப் போடும் கேபிள் பல சிந்தசைசர்களின் பின்துளையில் அழகாகப் பொருந்தும். 100 வோல்ட் மட்டும் தாங்கும் கருவியிலும் அதே துளை இருக்கக்கூடும். கேபிள் பொருந்துவதும் வோல்ட் பொருந்துவதும் வேறு வேறு சங்கதிகள். பழைய கருவிகள் பல இந்த இடத்தில்தான் பாழாகின்றன.

வெளி அடாப்டரில் ஓடும் சிறிய கீபோர்டுகளுக்கு வேலை இன்னும் எளிது. 100 வோல்ட் அடாப்டரை ஒதுக்கிவிட்டு, அதே வெளியீட்டைத் தரும் 230 வோல்ட் அடாப்டரை வாங்கினால் முடிந்தது. வெளியீட்டு வோல்ட் அச்சாக அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். கூட்டல் முனை நடுவிலா வெளியிலா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். யமஹாவின் 12 வோல்ட் கீபோர்டுகளில் நடுவில் கூட்டல். கேசியோவின் பழைய 9 வோல்ட் கீபோர்டுகளில் நடுவில் கழித்தல், அதே நிறுவனத்தின் பிந்தைய 9.5 வோல்ட் கீபோர்டுகளில் நடுவில் கூட்டல். சில கருவிகளின் அடாப்டர் நேர்மின்சாரத்தைத் தராமல் 9 வோல்ட் மாறுமின்சாரத்தையே தருவதாக இருக்கும். அதற்கு நேர்மின்சார அடாப்டரை மாட்டினால் கருவி ஓடாது, சில வேளை கெட்டும் போகும். அடாப்டரும் பிளக்கும் மலேசியாவில் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டிய பொருட்கள். அந்த ஒப்புதலைக் காட்டும் சிரிம் முத்திரை இல்லாததை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது வீண் ஆபத்து.

மீதமிருப்பவை உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட 100 வோல்ட் கருவிகள். பெரும்பாலோருக்கு ஏற்ற வழி, கருவியைத் திறக்காமல் வெளியே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை வைப்பதுதான். பழைய கருவியின் அசல் நிலை கெடுவதில்லை, தவறு நேர்ந்தாலும் வெளியே நிற்கிறது. கடையில் கிடைப்பவற்றை வாங்குமுன் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எண். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 240 வோல்ட்டை 110 ஆக்கும் வகை. ஜப்பானியக் கருவிக்கு வேண்டியது 100. வீட்டில் 230 வோல்ட் இருக்கும்போது அந்த டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 105 தரும், 253 வந்தால் 116 தரும். சுமை குறைவாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு வோல்ட் கூடும். ஐந்து பத்து வோல்ட்தானே என்று விட்டுவிடத் தோன்றும். அந்த உபரி எங்கே போகிறது என்று பார்த்தால் நிலைமை புரியும். 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு முன்னால் 12 வோல்ட் நிற்கிறது, அரை ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது 7 வோல்ட்டைக் கழித்து 3.5 வாட் வெப்பமாக வெளியே விடுகிறது. சுவர்ப் பக்கம் 10 சதவீதம் ஏறினால் 12 என்பது 13.2 ஆகும், வெப்பம் 4.1 வாட் ஆகும். பத்து சதவீத ஏற்றம் ரெகுலேட்டரில் பதினேழு சதவீத வெப்பமாகிறது. ஏர்கோன் இல்லாத சித்தியவான் அறையில், முப்பது நாற்பது ஆண்டு பழைய கெப்பாசிட்டர்களுக்குப் பக்கத்தில் இந்த வெப்பம் உட்கார்ந்திருக்கும். கருவி உடனே கெடாது, ஆனால் அதன் ஆயுள் சுருங்கும். 230க்கு 100 தரும் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடி வாங்குவது சிரமத்துக்குத் தகுந்த பலன் தரும். அதில் 216 வந்தால் 94, 253 வந்தால் 110, இரண்டுமே தாங்கக்கூடிய அளவு.

இரண்டாவது, வகை. ஸ்டெப் டவுன் என்ற பெயரில் விற்பவற்றில் பல, ஒரே சுருளில் நடுவிலிருந்து கிளை எடுத்துச் செய்த ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். செம்பு குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் சுவரின் கம்பியும் கருவிக்குப் போகும் கம்பியும் அதில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பொதுவான பகுதியின் கம்பி அறுந்தால், மீதிச் சுருளின் வழியாகக் கருவியின் மீது 230 வோல்ட்டும் வந்து நிற்கக்கூடும். சுவரில் லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், 100 வோல்ட் வெளியீட்டின் இரண்டு கம்பிகளுமே தரையோடு ஒப்பிட ஆபத்தான அழுத்தத்தில் இருக்கும். இரண்டு தனிச் சுருள்கள் கொண்ட தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரில் இந்தத் தொல்லைகள் இல்லை. வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். அவருக்குத் தெரியாவிட்டால், எதிலும் செருகாத நிலையில் பிளக்கின் லைவ் அல்லது நியூட்ரல் முள்ளுக்கும் வெளியீட்டுத் துளைக்கும் இடையே மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து பார்க்கலாம். தொடர்ச்சி இருந்தால் அது ஆட்டோ வகை.

கொள்ளளவில் பெரிய சிக்கல் இல்லை. இந்தத் தலைமுறைச் சிந்தசைசர் பெரும்பாலும் சில பத்து வாட்களுக்குள் ஓடிவிடும், 100 விஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அதற்குத் தாராளம். கைக்கு அடக்கமாக, எடையே இல்லாமல், "1600 வாட்" என்று எழுதி விற்கும் பயணிகள் கன்வெர்ட்டர்களைத் தொடவே கூடாது. அவை இஸ்திரிப் பெட்டிக்கும் முடி உலர்த்திக்கும் ஆனவை. மின்னலையின் ஒரு பகுதியை வெட்டித் தள்ளிச் சராசரியைக் குறைக்கின்றனவே தவிர உச்ச அழுத்தத்தை அதிகம் குறைப்பதில்லை. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். அது சிந்தசைசரின் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஏறக்குறைய அப்படியே போய்விடும்.

ஸ்டெப் டவுனைக் கீபோர்டுக்கு அடியிலோ மிக்ஸருக்குப் பக்கத்திலோ வைத்தால் இரைச்சல் வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு நொடிக்கு 100 முறை சுருங்கி விரிகிறது, டையோடுகளைத் தாண்டிய மின்சாரத்தில் மிஞ்சும் அலையும் 100 ஹெர்ட்ஸே. இது 98 ஹெர்ட்ஸில் இருக்கும் கீழ் ஜி ஸ்வரத்துக்கு மிக அருகில், கொஞ்சம் சுருதி விலகி நிற்கிறது. ஜி-யில் பாடும்போது அந்த முனகல் காதை உறுத்துவது இதனால்தான். ஒலிக் கேபிள்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளித் தரையில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிளக்கைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஜப்பானியக் கேபிளில் இரண்டு தட்டையான முட்கள். மலேசியச் சுவரின் மூன்று துளைகளில் லைவ், நியூட்ரல் துளைகளை உள்ளிருக்கும் மூடி அடைத்திருக்கும். மற்ற இரண்டையும்விட நீளமான எர்த் முள் முதலில் உள்ளே போய்த்தான் அந்த மூடியைத் திறக்கிறது. பேனா மூடியையோ ஸ்க்ரூடிரைவரையோ எர்த் துளையில் செருகி மூடியைத் திறந்துகொண்டு இரண்டு முள் பிளக்கை நுழைக்கும் பழக்கம் எத்தனையோ வீடுகளில் உண்டு. ஜப்பானியச் சிந்தசைசருக்கு இது இரட்டை ஆபத்து. எர்த் கிடைக்காததோடு, 230 வோல்ட்டும் தடையின்றி நேரே போய்விடுகிறது. மூன்று முள் பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். 13 ஆம்பியர் அதற்கு மிக அதிகம், 3 ஆம்பியரே பொருத்தம்.

கருவியை உள்ளேயே மாற்றுவது அடுத்த வழி. மேடைக்கு அடிக்கடி தூக்கிப் போகும் கருவிக்கு இது வசதி, ஏனென்றால் இருட்டில் அவசரத்தில் யாரோ ஒருவர் ஸ்டெப் டவுனை மறந்து நேரே செருகும் வாய்ப்பு இல்லாமல் போகிறது. இதைத் தகுதிபெற்ற எலெக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டும். வீட்டு வயரிங் தெரிந்திருப்பது மட்டும் போதாது.

சில கருவிகளின் டிரான்ஸ்ஃபார்மரில் முதன்மைச் சுருளுக்கே பல கிளைகள் இருக்கும்: 100, 120, 220, 240. தொழிற்சாலையில் ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு மற்றவற்றை மூடிக் கட்டியிருப்பார்கள். சர்வீஸ் மேனுவலில் கம்பி நிறங்களைப் பார்த்து இணைப்பை மாற்றினால் போதும். மலேசியாவில் 240 கிளையே சரியானது. 220 கிளையில் 253 வோல்ட் வந்தால் 15 சதவீதம் மிகையாகிவிடும். 240 கிளையில் 230 வந்தால் 4 சதவீதம் குறையும், ரெகுலேட்டருக்கு அது நல்லதே. வேறு சில டிரான்ஸ்ஃபார்மர்களில் ஒரே மாதிரியான இரண்டு முதன்மைச் சுருள்கள் இருக்கும். இரண்டும் 115 வோல்ட்டுக்கானவை என்றால் அவற்றைத் தொடராக இணைத்து 230 ஆக்கலாம். சுருள்களின் தொடக்க முனைகள் வரைபடத்தில் புள்ளியிட்டுக் காட்டப்பட்டிருக்கும். ஒன்றின் திசை தவறினால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சுருள் வெறும் கம்பியாகிவிடும், ஃபியூஸ் பறக்கும். ஜப்பானிய டிரான்ஸ்ஃபார்மரில் இரட்டைச் சுருள் இருந்தாலும் அவை தலா 100 வோல்ட்டுக்கானவையாக இருக்கலாம். தொடராக இணைத்தால் கிடைப்பது 200 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். அதில் 230 கொடுப்பது சரியல்ல, 253 கொடுப்பது நிச்சயம் தவறு.

கிளையும் இல்லை, இரட்டைச் சுருளும் இல்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரையே மாற்ற வேண்டும். பழைய டிரான்ஸ்ஃபார்மரின் ஒவ்வொரு துணைச் சுருளிலும், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்வது முதல் வேலை. சுமையில்லாமல் அளந்த எண் ஏமாற்றும். அதே அளவுகள் கொண்ட 230 அல்லது 240 வோல்ட் வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர் இடத்தை அடைக்காது, சுற்றிலும் சிந்தும் காந்தப்புலமும் குறைவு. கோலாலம்பூர் ஜாலான் பசார் கடைகளில் உதிரிகள் வாங்கிப் பழகியவர்களுக்கு இத்தகைய டிரான்ஸ்ஃபார்மர் புதிதல்ல. மோட்டார் சுருள் சுற்றும் பட்டறையில் கொடுத்துச் சுற்றி வாங்கலாமா என்றால், முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் இடையிலுள்ள காப்பைப் பல ஆயிரம் வோல்ட்டில் சோதித்துத் தர முடிகிற இடமாக இருந்தால் மட்டுமே. அந்தக் காப்பு ஒன்றுதான் வாசிப்பவரின் விரலுக்கும் வீதி மின்சாரத்துக்கும் நடுவே நிற்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரோடு வேலை முடியாது, அதற்கு முன்னால் இருக்கும் சின்ன உதிரிகளையும் பார்க்க வேண்டும். பவர் சுவிட்சின் மீது 125 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதை 250 வோல்ட் சுவிட்சாக மாற்ற வேண்டும். லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர் 125 வோல்ட் வகையாக இருந்தால் 275 வோல்ட் எக்ஸ்2 வகையைப் போட வேண்டும். திடீர் மின்னெழுச்சியை விழுங்குவதற்கான வேரிஸ்டர் 100 வோல்ட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், 230 வோல்ட்டையே எழுச்சி என்று எண்ணிக் கடத்தத் தொடங்கிக் கருகிவிடும். ஃபியூஸையும் குறைக்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான். அதே வாட்டுக்கு அழுத்தம் இரண்டேகால் மடங்கானால் மின்னோட்டம் அதே விகிதத்தில் குறைகிறது. 100 வோல்ட்டில் 1 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 230 வோல்ட்டுக்கு அரை ஆம்பியர். வளைய டிரான்ஸ்ஃபார்மர் போட்ட உடனே ஒரு கணம் அதிக ஓட்டத்தை இழுக்கும் என்பதால், மெதுவாக எரியும் வகையைக் குறிக்கும் டி எழுத்து அதில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் பின்தகட்டின் பழைய எண்ணை மறைத்து, புதிய வோல்ட்டையும் ஃபியூஸ் அளவையும் அழியாத மையில் எழுதி ஒட்ட வேண்டும். நாளைக்கு அதைத் திறக்கப்போகும் வேறொருவருக்குக் கருவி தன் நிலையைத் தானே சொல்ல வேண்டும்.

100 வோல்ட் மட்டும் ஏற்கும் ஸ்விட்ச்மோட் மின்வழங்கி கொண்ட கருவிகளும் உண்டு, அவற்றில் கைவைப்பது மிகவும் கடினம். இந்த வகையில் சுவர் மின்சாரம் முதலில் நேரே நேர்மின்சாரமாகிறது. 100 வோல்ட் 141 வோல்ட்டாகும், 230 வோல்ட் 325 ஆகும். 200 வோல்ட் கெப்பாசிட்டர் அதைத் தாங்காது. 115க்கும் 230க்கும் மாற்றும் ஜம்பர் இருந்தால் அதை 230க்கு வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் உள்ளே மாற்ற முயலாமல் வெளி ஸ்டெப் டவுனோடு நிறுத்திக்கொள்வதே சரி. அந்தக் கெப்பாசிட்டர்கள் பிளக்கைக் கழற்றிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கும். தக்க மின்தடை வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்தபின்தான் கைவைக்க வேண்டும்.

எர்த் இல்லாத கருவியின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் மெல்லிய கூச்சம் தெரியும். வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் அது. 100 வோல்ட்டில் உணரப்படாதது 230 வோல்ட்டில் உணரப்படும். உள்ளேயே மாற்றும்போது பச்சை-மஞ்சள் கம்பியை உலோக அடித்தகட்டில் திருகாணியால் இறுக்கி மூன்று முள் கேபிளாக்கிவிடுவது நல்லது. பாடகர் வியர்த்த கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைக் கீபோர்டின் மீது வைக்கும் மேடையில் இது அவசியமாகவே ஆகிறது. அதற்குப் பின் ஒலிபெருக்கியோடு சேர்ந்து முனகல் வந்தால், எர்த் கம்பியை வெட்டுவது தீர்வல்ல. ஒலிக் கேபிளில் தனிமைப்படுத்தும் டிஐ பெட்டியைப் போட வேண்டும்.

மாற்றிய கருவியை முதல்முறை போடும்போது லைவ் கம்பியில் தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பை இணைத்துப் போடுவது பழுதுபார்ப்பவர்களின் பழைய வழக்கம். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியில் எரியும், கருவிக்கு எதுவும் ஆகாது. சரியாக இருந்தால் ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்குப் பயன்படாது. பல்பைக் கழற்றியபின் 5 வோல்ட்டும் 15 வோல்ட்டுகளும் சரியாக நிற்கின்றனவா என்று அளந்து, கருவியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு டிரான்ஸ்ஃபார்மரின் சூட்டைப் பார்க்க வேண்டும். கையை வைத்துக்கொண்டிருக்க முடியாத அளவு சுட்டால் எங்கோ கணக்கு தவறியிருக்கிறது. திறந்திருக்கும்போதே நினைவகத்தின் லித்தியம் பேட்டரியையும் பார்த்துவிடலாம். டிஎக்ஸ்7இன் 32 ஓசைகள் அந்தச் சின்ன பேட்டரியின் தயவில் இருப்பவை. அதை எடுக்குமுன் ஓசைகளை மிடி வழியாகக் கணினியில் சேமித்துக்கொள்ள வேண்டும்.

சரியாக மாற்றிய கருவிக்கும் சித்தியவானில் இன்னொரு எதிரி உண்டு. மலேசியத் தீபகற்பம் உலகில் இடிமின்னல் அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று, சித்தியவானில் மாலை நேர மழையோடு இடியும் சேர்ந்தே வரும். மின்னல் எழுச்சி கம்பி வழியே வரும்போது கருவியின் பவர் சுவிட்சை அணைத்திருப்பது போதாது, சுவிட்சின் சிறிய இடைவெளியை அது தாவிவிடும். கருவியின் பிளக்கையோ ஸ்டெப் டவுனையோ சுவரிலிருந்தே கழற்ற வேண்டும். ஒலிபெருக்கிக்கும் கணினிக்கும் போகும் ஒலி, மிடி கேபிள்கள் செருகியபடியே இருந்தால் அந்தக் கருவிகள் வழியாகவும் எழுச்சி உள்ளே வரும் என்பதால் அவற்றையும் சேர்த்துக் கழற்றிவிட வேண்டும்.